எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் 'ஃபமிலியோ' (குடும்பம்): அழுத்தம் 'மி'யிலா, 'லி'யிலா?
விதிப்படி எண்ணினால் 'மி' வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, 'லி'யில்தான். ஃப-மி-லீ-ஓ. கடைசிக்கு முந்தைய அசையை அழுத்தணும் என்று நீங்கள் சொன்ன விதி சரி, 1887இல் இந்த மொழியை உருவாக்கிய சமெனோஃப் வெளியிட்ட 16 விதிகளில் அது பத்தாவது, எண்ணும்போதுதான் இடறுகிறீர்கள்.

வேகத்தில் 'லியோ' சுருங்கி 'ல்யோ' என்று ஒரே அசையாகியிருக்கும். ஸ்பானிஷ் 'ஃபமிலியா' காதில் பதிந்திருந்தால் இன்னும் குழப்பம், அங்கே 'மி'தான் அழுத்தம்.

சொல்லை எழுதி, ஆ, ஏ, ஈ, ஓ, ஊ ஒலிக்கும் ஐந்து உயிரெழுத்துகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். கடைசியிலிருந்து இரண்டாவது கோட்டை அழுத்துங்கள். 'ஜே' (j) எழுத்தையும் தலையில் வளைவு போட்ட 'யூ' (ŭ) எழுத்தையும் எண்ணக் கூடாது, அதனால்தான் 'இன்று' என்பதற்கான சொல் ஹொ-தீ-அவ்.

அப்புறம், கவிதையில் கடைசி 'ஓ'வை வெட்டியிருந்தால் புதிதாக எண்ணாதீர்கள், அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கும்.