ஆணியா, அந்த மூன்று கிலோமீட்டரா?

கேள்வி: போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு விக்கிரவாண்டி தாண்டி வரும்போது காரின் பின்பக்க இடது டயரில் காற்று முழுக்க இறங்கிவிட்டது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இருட்டில் ஸ்டெப்னி மாட்ட வேண்டாமென்று என் கணவர் மெதுவாக மூன்று கிலோமீட்டர் ஓட்டியே ஒரு பஞ்சர் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். கடைக்காரரோ டயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டை சின்னதுதான், ஆனா டயர் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். ஓர் ஆணி ஓட்டைக்குப் புது டயரா? ஏமாற்றுகிறாரோ?
- வாசகி, திண்டிவனம்

பதில்: ஏமாற்றியிருப்பார் என்று தோன்றவில்லை. டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கறுப்பாக மாவு மாதிரி கொட்டியதா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கொட்டியிருந்தால் அது ரப்பர் தூள், டயர் உள்ளுக்குள்ளேயே அரைபட்டுவிட்டது. காரின் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே 32, 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கும் காற்றுதான். அது போய்விட்டால் டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி, சக்கரம் சுற்றச் சுற்ற மடங்கி மடங்கி விரியும், சூடும் ஏறும். சின்ன காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும் என்று வைத்தால், மூன்று கிலோமீட்டருக்கு 1,600 தடவைக்கு மேல் மடங்கியிருக்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தே ஒடிப்போமே, அதே கதைதான். மெதுவாகப் போனாலும் மடங்குவது மடங்கியதுதான்.

ரோட்டில் படும் பகுதியில் ஆணி குத்தினால் ஒட்டிவிடலாம், பக்கச்சுவர் போனால் ஒட்ட வழியில்லை. காற்றடித்தால் நிற்கும், வெளியே பார்க்கப் புதுசு மாதிரிகூட இருக்கும், ஆனால் அதை நம்பி சித்திரை வெயிலில் ஹைவேயில் போய் வெடித்தால் என்ன செய்வீர்கள்? ரிம்மையும் சுற்றவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இரும்பு என்றால் வளைந்திருக்கலாம், அலாய் என்றால் விரிசல் விட்டிருக்கலாம்.

அன்றைக்கு வண்டி வாலை ஆட்டாமல் வந்ததே பெரிய விஷயம். பின் டயரில் காற்றில்லாமல் வளைவில் திரும்பினால் பின்பக்கம் வீசும், முன் டயர் என்றால் ஸ்டீயரிங் அந்தப் பக்கமே இழுக்கும்.

அதற்காக ஹைவே நடுவில் நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். பின்னால் லாரி வரும் ரோட்டில் டயரைவிட உயிர் பெரிசு, நூறு மீட்டரில் பங்க் வெளிச்சம் தெரிந்தால் ஊர்ந்துபோய் நிற்பதில் தப்பில்லை. அப்புறம் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்திருக்கலாம்.

இன்னொன்று, டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தும் காற்று இருந்தால், ஆணியைப் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக இருக்கும், பக்கத்துப் பங்க்கில் காற்றடித்துக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போய்விடலாம்.

கேள்வி: எங்கள் புது காரில் ஸ்டெப்னியே இல்லை. சின்ன கம்ப்ரசரும் பஞ்சர் அடைக்கும் திரவமும்தான் தந்திருக்கிறார்கள். போதுமா?
- வாசகர், கரூர்

பதில்: ஆணி ஓட்டைக்குப் போதும். பக்கவாட்டில் கிழிந்தாலோ, மேலே சொன்ன மாதிரி காற்றில்லாமல் ஓட்டி அரைத்துவிட்டாலோ திரவத்தை ஊற்றிப் பயனில்லை. இழுவை வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு, டிக்கியைத் திறந்து பாருங்கள்.