நிச்சயமில்லாத காலத்தில் ஃபிரான்சைஸ் எடுக்கலாமா?

வேலை போய்விடுமோ என்ற பயத்தில், சேமிப்பைப் போட்டு ஒரு டீக்கடை ஃபிரான்சைஸ் (ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்தும் உரிமை) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து அல்ல, ஒப்பந்தத்தைப் படித்து.

முதலில் ராயல்டி, அதாவது அந்தப் பெயருக்காக நிறுவனத்துக்கு நீங்கள் தொடர்ந்து கட்டும் பங்கு. பெரும்பாலும் அது லாபத்தில் அல்ல, மொத்த விற்பனையில் கணக்கிடப்படும். மாதம் 3 லட்சம் விற்று, வாடகை, சம்பளம், சரக்கு போக 15,000 ரூபாய் நின்றால், 5 சதவீத ராயல்டியே அதை விழுங்கிவிடும். அந்த ராயல்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மந்தமான மாதங்களில் அடி விழுவது இங்கேதான். ‘ராயல்டியே கிடையாது’ என்றால் இன்னும் உஷாராக இருங்கள். தூள், கப், மசாலா எல்லாம் அந்த நிறுவனத்திடமே வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் லாபம் அந்த விலைக்குள் இருக்கும்.

அமெரிக்காவில் கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே நிறுவனத்தின் வழக்குகள், மூடிய கடைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுத்தில் தந்தாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச்சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. அதனால் நீங்களேதான் தோண்டித் துருவ வேண்டும். அவர்கள் காட்டும் கடையோடு நிற்காமல், கடையை மூடியவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அப்புறம், முன்பணம் திரும்ப வருமா, பாதியில் வேறொருவருக்குக் கைமாற்ற விடுவார்களா என்று ஒரு வக்கீலை வைத்துப் பாருங்கள்.

கடன் வாங்கித்தான் எடுக்க முடியும் என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.