கழுத்து டியூப்பை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, பல வருட சர்க்கரை நோய். இனி சிறுநீரகம் மீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தின் வலப்பக்கம் டியூப் போட்டு டயாலிசிஸ் நடக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. காலையில் முகம் உப்பியிருக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தத்தை டியூப் அடைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. டயாலிசிஸ் சென்டரை ஏற்பாடு செய்துகொடுத்தவர், "பெர்ம்கேத் போட்டுவிடலாம், கையில் ஆபரேஷன் எல்லாம் தேவையில்லை" என்கிறார். கேட்கலாமா?

பதில்: மூளையைப் பற்றிய பயத்தை விடுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோவது தமனி. டியூப் இருப்பது அதை ஒட்டி ஓடும் சிரையில். தலையிலிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழி அது. இடப்பக்கமும் அதே போல் ஒன்று இருக்கிறது. ஒன்றில் ஓட்டம் குறைந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். வலப்பக்கம் போட்டதற்கும் காரணம் உண்டு: அங்கிருந்து இதயத்துக்கு நேர்வழி, இடப்பக்கம் வளைந்து போக வேண்டும். காலர் எலும்புக்குக் கீழே உள்ள சிரையில் போடாமல் விட்டாரே, அந்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள். அங்கே போட்டால் சிரை சுருங்கிப்போய், பின்னால் அந்தக் கையையே பயன்படுத்த முடியாமல் போகலாம்.

முக வீக்கம் பெரும்பாலும் உடம்பில் தங்கிய தண்ணீர்தான். காலும் வீங்கி, எடையும் ஏறி, டயாலிசிஸ் முடிந்ததும் வடிந்தால் சந்தேகமே வேண்டாம். வடியவில்லை, ஒரு பக்கக் கையும் கழுத்தும் சேர்ந்து வீங்குகின்றன, மார்பில் நீலநிறக் குழாய்கள் புடைத்துத் தெரிகின்றன என்றால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம் அல்லது சிரை சுருங்கியிருக்கலாம். அன்றைக்கே போய் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்று வாரம். இப்போது இருக்கும் டியூப் அவசரத்துக்குப் போடுவது. இரண்டு வாரத்துக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது. தோலில் இருந்து நேராகச் சிரைக்குள் போவதால் கிருமிக்குத் திறந்த கதவு அது. பெர்ம்கேத்தும் அதே கழுத்துச் சிரைக்குள்தான் போகிறது. ஆனால் தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓடி மார்பில் வெளியே வரும். நடுவில் இருக்கும் பட்டையைச் சுற்றித் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதால் கிருமி சுலபமாக உள்ளே போகாது. ஆக, பெர்ம்கேத்துக்கு மாற்றச் சொன்னது சரி. கை ஆபரேஷன், அதாவது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைக்கும் ஃபிஸ்துலா, வேண்டாம் என்றது பச்சைப் பொய்.

இந்த ஏற்பாட்டாளர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டியூப் போட்டாலும் மாற்றினாலும் அவர்களில் சிலருக்குக் கமிஷன். ஃபிஸ்துலா நன்றாக அமைந்துவிட்டால் அவர்களுக்கு வேலையே இல்லை. "வெளிநாட்டு டியூப், அஞ்சு வருஷம் வரும்" என்பார்கள். எந்த நாட்டு டியூப் ஆனாலும் கிருமி வந்தால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் சிரை இன்னும் கொஞ்சம் கெடும். கழுத்தில் இடமே இல்லாமல் தொடைக்குப் போனவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். டாக்டர்களான எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு வருடக்கணக்காக ஏறுவதைச் சீட்டில் எழுதிக்கொண்டே இருப்போம்; ஃபிஸ்துலாவுக்கு முன்கூட்டியே அனுப்ப மாட்டோம். ஸ்கேனுக்கு ஒரு தேதி, சர்ஜனுக்கு இன்னொரு தேதி, நடுவில் ஒரு கையெழுத்துக்காக வரிசை. அந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார்.

ஃபிஸ்துலா போட்டபின் ஊசி குத்தும் அளவுக்குத் தேற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், சில சமயம் கூடுதலாகவும். அதனால் பெர்ம்கேத் போடும் வாரத்திலேயே சர்ஜனையும் பாருங்கள். அதுவரை அம்மா அதிகம் பயன்படுத்தாத கையில் யாரும் ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீர்கள். நர்ஸ் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

முக்கியமான விலக்கு ஒன்று: இதயம் மிகவும் பலவீனமாக இருந்தால். ஃபிஸ்துலா வைத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும். பம்ப் செய்யும் திறன் ரொம்பக் குறைந்தவருக்கு மூச்சுத் திணறும். அவர்களுக்குப் பெர்ம்கேத்தே நிரந்தர வழியாக இருக்கலாம். அதற்காக, "இதயம் வீக்" என்று எப்போதோ எடுத்த எக்கோவை (இதய ஸ்கேனை) வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் கோத்திருந்தபோது எடுத்த எக்கோ மோசமாகத்தான் இருக்கும். சில வாரம் டயாலிசிஸ் செய்து தண்ணீர் வடிந்தபின் திரும்ப எடுத்தால் பலருக்கு முன்னேற்றம் தெரியும். அந்த இரண்டாவது எக்கோவைக் கேட்டு வாங்குங்கள். அப்போதும் சுமாராக இருந்தால், முழங்கைக்குக் கீழே ரத்த ஓட்டம் குறைவான ஃபிஸ்துலா வைக்கலாமா என்று இதய மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து பேசட்டும்.

டியூப் இருக்கும்வரை அதன் மூடியை டயாலிசிஸ் ஊழியர் தவிர யாரும் திறக்கக் கூடாது. காற்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. கட்டு நனையக் கூடாது. டயாலிசிஸ் நடக்கும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், வேறு காரணம் தெரியும்வரை டியூப்தான் குற்றவாளி. ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காமல் ஊசி போட்டுவிட்டால் எந்தக் கிருமி என்றே பிறகு தெரியாமல் போகலாம்.