குழப்பம் என்ற சொல்லுக்கு என்னென்ன பொருள்? சோற்றில் ஊற்றும் குழம்புக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இரண்டுக்கும் வேர் ‘குழம்பு’ என்ற வினைதான். கலங்குதல், ஒன்றோடொன்று கலந்துபோதல் என்பது அதன் பொருள். தானாக நடந்தால் குழம்பும். இன்னொருவர் செய்தால் குழப்புவார். திரும்பு–திருப்பு, நிரம்பு–நிரப்பு போல. ‘குட்டையைக் குழப்பி மீன் பிடிக்கிறான்’ என்பதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது: சேறு கலங்கிய தண்ணீர்.

அங்கிருந்து மனதுக்கு வந்தது. ‘எந்தக் கல்லூரியில் சேர்வது என்று ஒரே குழப்பம்’ என்றால் தெளிவின்மை. ‘கூட்டத்தில் குழப்பம்’ என்றால் கூச்சல், தள்ளுமுள்ளு. சின்ன வேறுபாடு ஒன்று: ‘குழப்பமாக இருக்கிறது’ என்றால் விஷயம் புரியவில்லை. ‘குழப்பிவிட்டார்’ என்றால் பழி அடுத்தவர் தலையில். ‘குழப்பிக்கொள்ளாதே’ என்றால் பழி உன் மேலேயே!

இலங்கைத் தமிழில் ‘குழப்படி’ என்று ஓர் அழகான சொல் இருக்கிறது. ‘பிள்ளை சரியான குழப்படி’ என்றால் குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது பயங்கரச் சேட்டை செய்கிறது, அவ்வளவுதான்.