சிறு குழந்தைகளுக்கு விதை, செடி பற்றிக் கற்பிக்க ஸ்மார்ட் போர்டு, கைப்பேசி போன்றவை உண்மையிலேயே உதவுகின்றனவா?

உதவுகின்றன, ஆனால் விதை முதலில் குழந்தையின் கைக்கு வந்திருக்க வேண்டும், திரை அதற்குப் பிறகுதான். அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் நான் இதை முதலில் தலைகீழாகச் செய்தேன். விதை முளைக்கும் காணொளி ஒன்றை ஸ்மார்ட் போர்டில் காட்டிவிட்டு, அன்றே டம்ளர்களில் தட்டைப்பயறு போடச் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு சிறுவன், "டீச்சர், நம்ம விதை கெட்டுப்போச்சு" என்றான். அரை நிமிடத்தில் முளைத்ததைக் கண்ணால் பார்த்தவனுக்கு, ஓர் இரவு முழுவதும் அசையாமல் கிடந்த விதை கெட்டுப்போனதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அதற்குப் பிறகு, எங்கள் விதையை நாங்களே படம்பிடிப்பது என்று முடிவு செய்தேன். கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரமான டிஷ்யூ தாளைச் சுற்றி, இரவு முழுவதும் ஊறிய பயறுகளைத் தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே செருகிவிட்டால், வேர் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். பழைய கைப்பேசி ஒன்றைச் செங்கல்லில் சாய்த்து, சார்ஜரிலேயே வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி அமைத்தேன். நாளொன்றுக்கு 144 படங்கள், ஐந்து நாள்களில் 720. நொடிக்கு 24 படம் என்று ஓட்டினால் சரியாக 30 நொடி. ஐந்து நாளும் தண்ணீர் தெளித்துக் காத்திருந்த குழந்தைகளுக்கு, அந்த 30 நொடிக்குள் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. இரவில் எடுத்த படங்கள் கருப்பாகிவிடக் கூடாது என்று பக்கத்தில் சிறிய எல்இடி பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தேன். காணொளியில் முளைகள் எல்லாம் அதன் பக்கமாகவே சாய்ந்துவிட்டன. என் பிழைதான், ஆனால் "ஏன் எல்லாம் அந்தப் பக்கமே பார்க்குது?" என்று ஒரு சிறுமி கேட்டபோது, ஒளியை நோக்கித் தண்டு வளையும் பாடத்தை அவளே தொடங்கிவைத்துவிட்டாள்.

அடுத்த தடவை தட்டைப்பயறுக்குப் பக்கத்தில் கொண்டைக்கடலையையும் மண்ணில் விதைத்தோம். தட்டைப்பயறு தன் இரண்டு வித்திலைகளையும், அதாவது விதைக்குள் உணவைச் சேமித்துவைத்திருக்கும் இரண்டு பருப்புப் பாதிகளையும், தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வந்தது. கொண்டைக்கடலையின் வித்திலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட, குருத்து மட்டும் எட்டிப்பார்த்தது. இரண்டின் படங்களையும் திரையில் அருகருகே வைத்தபோதுதான் இந்த வேறுபாடு பெரும்பாலான குழந்தைகளின் கண்ணில் பட்டது, ஏனெனில் தொட்டியருகே நாற்பது பேரும் ஒரே சமயத்தில் குனிந்து பார்க்க முடியாது. வேரில் மயிரிழை போல் இருக்கும் வேர்த்தூவிகளைக் காட்ட, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி மனு பிரகாஷின் குழுவினர் 2014இல் அறிமுகப்படுத்திய ஃபோல்ட்ஸ்கோப் என்னும் காகித நுண்ணோக்கியைப் பயன்படுத்தினேன். ஏழு வயதுக் குழந்தை அதில் கண்ணை வைத்துப் பார்க்கத் திணறுகிறது. அதைக் கைப்பேசிக் கேமராவில் ஒட்டித் திரையில் காட்டினால் எல்லோருக்கும் தெரிகிறது.

விதையை இழுத்துக் குழியில் போடும் விளையாட்டுச் செயலிகள் என்னைக் கவரவில்லை. அவற்றில் எந்த விதையும் அழுகுவதில்லை, பூஞ்சை பிடிப்பதில்லை. அளவிடுவதற்கும் எங்களுக்குக் கணினி தேவைப்படவில்லை: தினமும் செடியின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி வரிசையாக ஒட்டினாலே வரைபடம் வந்துவிடுகிறது.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், ஒரு டம்ளரை ஜன்னலருகிலும் மற்றொன்றைப் பூட்டிய அலமாரிக்குள்ளும் வைத்து, எது முளைக்கும் என்று குழந்தைகளை முன்கூட்டியே கைதூக்கச் சொல்லி, அதையும் படம் எடுத்து வையுங்கள். என் வகுப்பில் அநேகமாக எல்லாரும் ஜன்னலுக்கே கைதூக்கினார்கள். அலமாரிப் பயறும் முளைத்தது, அதுவும் வெளிறிய மஞ்சள் நிறத்தில், ஜன்னல் செடியைவிட உயரமாக. தாங்கள் கைதூக்கிய படத்தைத் திரையில் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. ஒருவன் மட்டும் எழுந்து, வெளிச்சமே இல்லாமல் அது எதைச் சாப்பிட்டது என்று கேட்டான். நான் ஊறிய பயறு ஒன்றை அவன் கையில் கொடுத்து, இரண்டாகப் பிளந்து பார்க்கச் சொன்னேன்.