இரைச்சலுக்குள் பேச்சு: செவித்திறன் வல்லுநரிடம் கேள்வி பதில்

கேள்வி (மண்டபம், மீன் ஏலம் எடுப்பவர்): ஏலத்தில் பலரும் ஒரே நேரத்தில் விலை சொன்னாலும், எனக்கு வேண்டிய குரல் மட்டும் தனித்துக் கேட்பது எப்படி?

பதில்: 1953இல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் இதை ஆராய்ந்தார். இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னபோது கேட்பவர்கள் அதைச் செய்தார்கள். ஆனால் மறுகாதில் ஆண்குரல் பெண்குரலாக மாறியதை உணர்ந்தவர்களால், அங்கே என்ன பேசப்பட்டது என்று சொல்ல முடியவில்லை. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை மற்றதைவிட ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே முந்தி அடைகிறது. உயர் சுருதி ஒலிகளைத் தலையும் மறைத்துக்கொள்கிறது. இந்தச் சிறு வேறுபாடுகளைக் கொண்டு மூளைத்தண்டு திசையைக் கணிக்கிறது. மேலும், கூட்டத்தின் குரல்கள் ஏறி இறங்குவதால், அவை தாழும் இடைவெளிகளில் கிடைக்கும் துண்டுகளிலிருந்தே மூளை முழுச் சொல்லையும் கட்டிக்கொள்கிறது. டீசல் இன்ஜின் அத்தகைய இடைவெளியைத் தருவதில்லை. அதனால்தான் ஏலக்கூட்டத்தைவிடப் படகில் பேச்சு கடினமாகிறது.

கேள்வி (தங்கச்சிமடம், விசைப்படகுத் தொழிலாளி): பேசுவது கேட்கிறது, சொல் பிடிபடவில்லை.

பதில்: உயிரொலிகள் வலுவானவை, தாழ்சுருதியில் அமைந்தவை, ‘ச’ போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை, உயர்சுருதியில் அமைந்தவை. இரைச்சல் முதலில் பறிப்பது உயர்சுருதி ஒலிகளைக் கேட்கும் திறனை என்பதால், சாளையும் வாளையும் ஒன்றாகவே காதில் விழும். உள்காதில் உள்ள மயிர்ச்செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஒலியளவு 85 டெசிபலாக இருக்கும்போது நாளுக்கு எட்டு மணி நேரம் எல்லை என்றால், 88இல் நான்கு மணி நேரமே எல்லை என்று வேலையிடப் பாதுகாப்பில் கணக்கிடுகிறார்கள். செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். சோதனையின்றிக் காது கேட்கும் கருவி வாங்காதீர்கள்.

கேள்வி (தொண்டி): எந்தக் கருவி நல்லது?

பதில்: சோதனை முடிவைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

கேள்வி (தேவிபட்டினம்): என் தந்தைக்கு வீட்டில் காது மந்தம்; இன்ஜின் ஓடும்போது நன்றாகக் கேட்கிறது. அப்படியானால் இரைச்சல் காதைப் பழக்குகிறது அல்லவா?

பதில்: கேள்வி மிக நல்லது, முடிவு தவறானது. முரசு ஒலிக்கும்போது மட்டும் பேச்சைக் கேட்ட ஒரு பெண்ணைப் பற்றி 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் எழுதினார். நடுச்செவியில் கோளாறு உள்ளவருக்கு இரைச்சலும் குறைந்தே உள்ளே போகிறது. சுற்றியிருப்பவர்களோ இரைச்சலை மீறக் குரலை உயர்த்துகிறார்கள். பயன் அந்த உயர்ந்த குரலால் வருகிறது. அவரை உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் இத்தகைய குறைகளில் பல சிகிச்சைக்கு உட்பட்டவை.

கேள்வி (பாம்பன்): தேவிபட்டினத்தார் சொல்வதே சரி. புதிதாகக் கடலுக்கு வருபவரைவிட எனக்கு இன்ஜின் சத்தத்தில் நன்றாகப் புரிகிறதே?

பதில்: புரிவதை நான் மறுக்கவில்லை. கூட்டாளியின் குரலும், படகில் புழங்கும் சொற்களும், அடுத்து என்ன சொல்வார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு விட்டுப்போன ஒலிகளை நிரப்புகிறது. அது மூளையின் பழக்கம். காது அதனால் உறுதியாவதில்லை. கரைக்கு வந்து முன்பின் தெரியாதவரிடம் பேசிப் பாருங்கள். உங்கள் காதின் உண்மை நிலை அங்கே ஓரளவு தெரியும்.

கேள்வி (கீழக்கரை, சங்கு குளிப்பவர்): நீருக்குள் படகுச் சத்தம் எந்தப் பக்கம் என்றே தெரிவதில்லை.

பதில்: நீரில் ஒலி விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர் செல்கிறது, காற்றில் சுமார் 340. இரு காதுகளுக்கிடையிலான நேர வேறுபாடு மிகவும் சுருங்கிவிடுவதால் திசை மங்குகிறது. ஒலியை நம்பி மேலே வராதீர்கள்.

கேள்வி (ஏர்வாடி): காதில் எண்ணெய் விட்டால் கேட்குமா? மலிவான கருவி எது?

பதில்: எண்ணெய் விடாதீர்கள். கருவி பற்றித் தொண்டிக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (இராமேசுவரம்): கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே என் அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

பதில்: வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி அவருக்கு எதிரே அமருங்கள், உதட்டசைவைப் பார்ப்பது இரைச்சலில் பெரிதும் உதவும் என்பதை 1954இலேயே ஆய்வு காட்டியது. தூரத்தைப் பாதியாக்கினால், திறந்த வெளியில் உங்கள் குரல் அவர் காதில் சுமார் ஆறு டெசிபல் கூடும். கத்த வேண்டாம், கத்தினால் சொல்லின் வடிவம் சிதையும். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல், வேறு சொற்களில் சொல்லுங்கள்.