புதுமுக வேட்பாளரா? படிவம் 26-ஐப் பாருங்கள்

உங்கள் சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் புதுமுகம், துண்டறிக்கையில் புகழுரை தவிர ஒன்றுமில்லை, எதை வைத்து எடைபோடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேட்புமனுவோடு அவர் தரும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கும். சொத்து, கடன், படிப்பு, நிலுவை வழக்குகள், வருமானவரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானம் எல்லாம் அதில் உண்டு. வாழ்க்கைத்துணை, சார்ந்திருப்போர் கட்டங்களையும் விடாதீர்கள். சொத்து பல நேரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வழக்கு இருந்தால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். சாலை மறியல் வழக்கும் கொலை முயற்சி வழக்கும் ஒன்றல்ல, சட்டப்பிரிவைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பின்படி, வழக்குள்ளவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சியே காரணம் வெளியிட வேண்டும். அதையும் தேடிப் படியுங்கள், சில சமயம் சிரிப்பு வரும்.

கொள்கைதான் கொஞ்சம் கஷ்டம். தேர்தல் அறிக்கை கட்சியுடையது, அவருடையதல்ல. வாக்குக் கேட்டு வரும்போது ஒன்று கேளுங்கள்: தொகுதி மேம்பாட்டு நிதியில் முதல் வேலை எது? குடிநீர்த் தொட்டியோ பள்ளிக் கட்டடமோ, இடத்தோடு பதில் வந்தால் சரி, தொகுதியைச் சுற்றியிருக்கிறார். "கடன் எல்லாம் தள்ளுபடி" என்றால், அது தனி உறுப்பினர் கையில் இல்லாத விஷயம்.